பதினேழுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவே: ஈராக்கின் இளம் கால்பந்து வீரர்கள்

2024 மே 2ஆம் தேதி தோஹாவில், 23 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் கோப்பையின் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். கூடுதல் நேரத்தில் அலி ஜாசிம் அடித்த கோல் இந்தோனேசியாவை 2-1 என வீழ்த்தி, ஈராக்கைப் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அனுப்பியது. நான்கு கோல்களுடன் அந்தத் தொடரில் அதிக கோல் அடித்தவரும் அவர்தான். அப்போது அவருக்கு 20 வயது. ஜூலையில் இத்தாலியின் முதல்நிலை லீக்குக்கு அப்போதுதான் ஏறியிருந்த கோமோ கிளப் அவரை ஒப்பந்தம் செய்தது. அதே மாதம் ஒலிம்பிக்கில் ஈராக் உக்ரைனை 2-1 என வென்றபோது வெற்றி கோலும் அவருடையதே.

கோமோவில் அவர் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். 2025 ஜனவரியில் நெதர்லாந்தின் அல்மேரே சிட்டிக்கு இரவலாகப் போனார். பருவ முடிவில் அந்த அணி முதல்நிலை லீக்கிலிருந்தே இறங்கிவிட்டது. அடுத்து சவூதி அரேபியாவின் அல்-நஜ்மாவுக்கு இரவல். ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று நாடு, மூன்று பயிற்சியாளர், மூன்று மொழி. இருபது வயதில் நாட்டையே ஒலிம்பிக்குக்குத் தூக்கிச் சென்ற பையனுக்கு இருபத்தொரு வயதில் வாராவாரம் ஆட ஓர் இடம் உறுதியாகவில்லை.

ஈராக்கியக் கால்பந்தைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு இந்தக் கதை பழக்கமானது. பெயர்கள் மாறுகின்றன, கதை மாறவில்லை. ஈராக்கின் இளம் வீரர்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் மலர்கிறார்கள், மலர்ந்த பிறகு ஏன் அங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை ஆராய விரும்பும் கேள்வி.

முதலில் திறமை பற்றிய சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். இளையோர் கால்பந்தில் ஈராக் சிறிய நாடே அல்ல. ஆசிய இளையோர் கோப்பையை ஐந்து முறை வென்றிருக்கிறது. 1989இல் சவூதியில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் நார்வே, ஸ்பெயின், அர்ஜென்டினா ஆகிய மூன்று அணிகளையும் வரிசையாக வென்று காலிறுதிக்குப் போனது. 2013இல் துருக்கியில் நடந்த அதே போட்டியில் அரையிறுதிவரை வந்து, உருகுவேயிடம் பெனால்டி ஷூட்-அவுட்டில்தான் தோற்றது. 2014 ஜனவரியில் ஓமானில் நடந்த 22 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை அதன் கையில். நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு: 2016இல் கோவாவில் நடந்த 16 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஈரானைப் பெனால்டியில் வென்றது ஈராக்தான். முகமது தாவூத் என்ற பையன் அந்தத் தொடரின் சிறந்த வீரர். மறு ஆண்டு இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் அதே அணி மெக்ஸிகோவோடு சமன் செய்து, சிலியை 3-0 என வீழ்த்தியது. நாக்-அவுட் சுற்றில் மாலியிடம் 1-5 எனத் தோற்று வெளியேறியது.

மறுபக்கம், பெரியவர்களின் உலகக் கோப்பை. 1986இல் மெக்ஸிகோவில் மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி, பெல்ஜியத்துக்கு எதிராக அஹ்மத் ராதி அடித்த ஒரே ஒரு கோல். அதன்பின் 2022 வரை நடந்த ஒன்பது உலகக் கோப்பைகளில் ஒன்றில்கூட ஈராக் இல்லை. 2016இன் கோவா அணியிலிருந்து ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் நிலைத்தவர் எவரும் இல்லை.

இந்த இடைவெளிக்குச் சொல்லப்படும் முதல் காரணம் போர். அது உண்மை, எனினும் பலரும் நினைக்கும் வடிவத்தில் உண்மை இல்லை. 1980களில் ஈரானோடு எட்டாண்டுப் போர் நடந்தபோதுதான் ஈராக் உலகக் கோப்பைக்கே போனது. குண்டுகள் நேரடியாகக் கொன்றதைவிட, போரும் சர்வாதிகாரமும் வீரர்களின் நாட்காட்டியைக் கிழித்ததே தொழில்வாழ்க்கைக்கு நேர்ந்த பெரிய சேதம் என்று நான் நினைக்கிறேன். 1984 முதல் சதாமின் மகன் உதய் ஹுசைன் விளையாட்டு நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்தார். தோற்றால் சிறை, அடி, சித்திரவதை என்பதைப் பல வீரர்கள் பின்னாளில் பகிரங்கமாகச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். பயத்தில் ஆடும் இருபது வயதுக்காரன் புதிதாக எதையும் முயன்று பார்க்க மாட்டான். பந்தைப் பாதுகாப்பாகப் பின்னால் தள்ளிவிடுவான். வெளிநாடு போகும் வழியும் நீண்ட காலம் அடைபட்டிருந்தது. 1988இல் ஆசியாவின் சிறந்த வீரர் விருது பெற்ற அஹ்மத் ராதி, தன் உச்ச ஆண்டுகளை உள்நாட்டிலேயே கழித்தார். கத்தாருக்குப் போக முடிந்தபோது இளமை கழிந்திருந்தது.

2003க்குப் பிறகு பயத்தின் வடிவம் மாறியது. 2002-03 பருவத்தின் லீக் அமெரிக்கப் படையெடுப்பால் முடியாமலே போனது. 2014 கோடையில் ஐ.எஸ். படைகள் மோசூலைப் பிடித்தபோது லீக் பாதியில் நின்றது. அரசுக்கு எதிரான 2019 அக்டோபர் போராட்டங்களும் பின்னால் வந்த கொரோனாவும் 2019-20 பருவத்தை விழுங்கின. ஒரு முப்பது வயதுக்காரருக்குப் பருவம் ஒன்று போனால் அது ஒரு வருமான இழப்பு. பதினெட்டு வயதுப் பையனுக்கு அது திரும்பி வராத கல்வியாண்டு. 2013இல் துருக்கியில் ஜொலித்த அணியின் பையன்கள் இருபது, இருபத்தொன்றைத் தொட்ட வேளையில்தான் 2014 வந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தத் தலைமுறை ஏன் சிதறியது என்பதில் பாதி விளங்கிவிடும்.

அந்தத் தலைமுறையிலிருந்து ஒருவர் தப்பினார். பாக்தாத்தின் அதமியா பகுதியைச் சேர்ந்த அலி அத்னான், 2013 உலகக் கோப்பை முடிந்த கையோடு துருக்கியின் ரிசேஸ்போருக்குப் போய்விட்டார். அவ்வாண்டு ஆசியாவின் சிறந்த இளம் வீரர் விருதும் அவருக்கே. 2015இல் இத்தாலியின் உதினேசே கிளப்பில் சேர்ந்து, அந்நாட்டு முதல்நிலை லீக்கில் ஆடிய முதல் ஈராக்கியர் ஆனார். அவர் தன் தோழர்களைவிடப் பத்து மடங்கு திறமைசாலி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பத்தொன்பது வயதில் அவர் ஊரை விட்டுப் போனார் என்பதே வேறுபாடு. தோழர்கள் பாக்தாத்தில் லீக் நடக்குமா நடக்காதா என்று காத்திருந்த மாதங்களில், அவர் வாராவாரம் ஆடிக்கொண்டிருந்தார்.

ஒரு கால்பந்து வீரன் பதினேழிலிருந்து இருபத்திரண்டு வரை என்ன கற்கிறான்? பந்தை அடக்கவும் ஏமாற்றி ஓடவும் பதினைந்திலேயே தெரிந்துவிடுகிறது. பாக்தாத்தின் சதர் சிட்டி பகுதியின் மண் மைதானங்களில் அதைச் சொல்லித்தர யாரும் வேண்டாம். அதற்கடுத்த ஐந்தாண்டில்தான் பந்து தன்னிடம் இல்லாதபோது எங்கே நிற்பது, பருவத்துக்கு முப்பத்தைந்து ஆட்டம் ஆடும் உடம்பை எப்படி வைத்திருப்பது, மோசமான ஆட்டத்துக்கு அடுத்த வாரம் எப்படித் திரும்புவது என்பதையெல்லாம் கற்கிறான். இதைக் கிளப்தான் சொல்லித்தர முடியும். ஈராக்கில் அந்த இடத்தில்தான் பள்ளம் இருக்கிறது.

அங்கே பெரிய கிளப்புகள் பெரும்பாலும் அரசுத் துறைகளின் சொத்து. அல்-ஷுர்தா காவல்துறையுடையது. அல்-குவா அல்-ஜவியா விமானப்படையுடையது, 1931இல் தொடங்கியது, 2016 முதல் 2018 வரை ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையைத் தொடர்ந்து மூன்று முறை வென்றது. அதில் முதலாவது, தோஹாவில் பெங்களூரு எஃப்.சி.யை 1-0 என வீழ்த்தி வென்றது. எண்ணெய்த் துறைக்கு அல்-நஃப்த், மின்துறைக்கு அல்-கஹ்ரபா. துறைப்பணத்தில் நடக்கும் கிளப்புக்கு வீரரை வளர்த்து விற்று லாபம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. மேலிடத்துக்குக் காட்ட இந்த மாதத்து வெற்றி வேண்டும். ஆகவே பயிற்சியாளர்கள் அடிக்கடி மாற்றப்படுகிறார்கள். வந்தவர் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, பதினெட்டு வயதுக்காரரை உட்கார வைத்துவிட்டு இருபத்தொன்பது வயது அனுபவசாலியை இறக்குகிறார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் நிலையில் இருக்கும் எவரும் அதைத்தான் செய்வார்.

அப்படியானால் இளையோர் அணிகள் எப்படி வெல்கின்றன? கிளப் தராததைத் தேசிய அணியின் முகாம் தருகிறது என்பது என் கணிப்பு. ஐரோப்பிய அணிகள் இளையோர் போட்டிக்குச் சில நாட்கள் முன்னால்தான் கூடுகின்றன, வீரர்களைக் கிளப்புகள் விடுவதில்லை. ஈராக்கில் நீண்ட முகாம் போட்டு, ஒன்றாகத் தின்று, ஒன்றாகத் தூங்கி, ஒரே பயிற்சியாளரிடம் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். அந்த முகாம்தான் அவர்களுடைய அகாடமி. வயது வரம்பு தாண்டியதும் அகாடமி கலைந்துவிடுகிறது. ஸ்பெயின் பையனுக்கு அந்த வயதில்தான் உண்மையான படிப்பு தொடங்குகிறது, ஈராக் பையனுக்கு அப்போது படிப்பு நின்றுவிடுகிறது.

வயதைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஈராக்கின் இளையோர் வெற்றிகளுக்கு வயதைக் குறைத்துக் காட்டுவதே காரணம் என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. அது வெறும் வதந்தி மட்டும் இல்லை. 2018இல் இளையோர் அணியின் வீரர்கள் போலி ஆவணங்களுக்காகப் பாக்தாத் விமான நிலையத்தில் தடுக்கப்பட்டு, அந்த அணியே கலைக்கப்பட்டது. ஆனால் இது எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நான் ஏற்கவில்லை. அலி அத்னானையும் அலி ஜாசிமையும் ஐரோப்பியக் கிளப்புகள் மருத்துவப் பரிசோதனை செய்துதான் எடுத்தன. இந்த மோசடியில் முதலில் ஏமாற்றப்படுவது எதிரணி கிடையாது. இரண்டு வயது மூத்தவன் பிடித்துக்கொண்ட இடத்தில் ஆடியிருக்க வேண்டிய பதினைந்து வயதுப் பையன்தான். அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

அடுத்த தடை, காகிதம். நஷாத் அக்ரம் 2007இல் ஆசியக் கோப்பை வென்ற அணியின் நடுக்களத்து மூளை. இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கிலிருந்து அழைப்பு வந்தது. தேசிய அணி உலகத் தரவரிசையில் முதல் 70க்குள் இருக்க வேண்டும் என்பது அப்போதைய வேலை அனுமதி விதி. ஆசியாவின் சாம்பியனான ஈராக் அந்த 70க்குள் இல்லை, அனுமதி மறுக்கப்பட்டது. 2009இல் நெதர்லாந்தின் ட்வென்டேயில் சேர்ந்தார். அந்தப் பருவம் ட்வென்டே நாட்டின் சாம்பியன் ஆனது; ஆனால் அவருக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது, நிலைக்க முடியவில்லை. தரவரிசையில் ஏற வேண்டுமானால் சொந்த ஊரில் ஆட வேண்டும். ஈராக்கோ 1980களிலிருந்து பெரும்பாலான காலம் தன் தகுதிச் சுற்று ஆட்டங்களைப் பிற நாடுகளில்தான் ஆடியது. 2018 மார்ச்சில்தான் பஸ்ரா, கர்பலா, எர்பில் நகரங்களுக்கு ஃபிஃபா அனுமதி தந்தது. இப்படி ஒவ்வொரு தடையும் அடுத்த தடையைப் பெற்றெடுத்தது.

வளைகுடாவின் பணம்தான் பையன்களைக் கெடுக்கிறது என்று சொல்வோரும் இருக்கிறார்கள். இதில் நான் வீரர்கள் பக்கம். 2007 ஜூலை 29 அன்று ஜகார்த்தாவில் சவூதிக்கு எதிரான ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தலையால் கோல் அடித்துக் கோப்பையை வென்றுகொடுத்த யூனிஸ் மஹ்மூத், ஐரோப்பாவில் ஆடியதே இல்லை. கத்தாரில் கோல் மேல் கோல் அடித்தபடி ஆண்டுகளைக் கழித்தார். அதை ஒரு தவறு என்று எழுதுவது எளிது. அந்தத் தொடரின் அரையிறுதியில் தென் கொரியாவை வென்ற இரவு, பாக்தாத் தெருக்களில் கொண்டாடிய கூட்டங்களில் கார்க் குண்டுகள் வெடித்து ஐம்பது பேர் அளவில் இறந்தார்கள். அணியில் இருந்த பலருக்கும் வீட்டில் ஓர் இழப்பு இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் தாய் தகப்பனை விட்டுவிட்டு வந்தவன், இரண்டு மணி நேர விமானத் தூரத்தில் உறுதியான சம்பளத்தைத் தேர்ந்தெடுத்தால் அதற்குப் பெயர் பேராசை ஆகாது. உள்நாட்டுக் கிளப்புகளில் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்பது இன்றும் செய்தியாகிறதே!

அய்மன் ஹுசைனையும் இங்கே நினைக்க வேண்டும். கிர்க்கூக் மாகாணத்துக்காரர். தந்தையை அல்-கொய்தா கொன்றது, சகோதரரை ஐ.எஸ். கடத்திச் சென்றது, அவர் திரும்பவே இல்லை. உள்நாட்டிலும் துனிசியா, மொராக்கோ, கத்தார் என்றும் கிளப் கிளப்பாக அலைந்தவர், 2024 ஜனவரியில் கத்தார் ஆசியக் கோப்பையில் ஜப்பானுக்கு எதிராக இரண்டு கோல் அடித்துத்தான் உலகத்தின் கண்ணில் பட்டார். வயது 27. அதே தொடரில் ஜோர்டானுக்கு எதிராகக் கோல் அடித்துவிட்டுக் கொண்டாடியதற்காக வெளியேற்றப்பட்டார், ஈராக் 2-3 எனத் தோற்றது. பத்திரிகையாளர் சந்திப்பில் பயிற்சியாளர் ஹெசூஸ் காசாஸை நோக்கிச் சில ஈராக்கியச் செய்தியாளர்களே பாய்ந்தார்கள். ஓர் ஆட்டத்தின் தோல்வி அந்த அளவுக்கு வெறி கிளப்பும் நாட்டில் பத்தொன்பது வயதுப் பையனின் தோளில் எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

அந்தச் சுமைக்கு இலக்கானவர்களில் முதன்மையானவர் மொகனத் அலி. ஊரே மிமி என்று அழைக்கும் பாக்தாத் பையன், 2000 ஜூனில் பிறந்தவர். 2019 ஆசியக் கோப்பையில் 18 வயதில் வியட்நாமுக்கும் யேமனுக்கும் எதிராகக் கோல் அடித்தார். வியட்நாமுக்கு எதிரான அந்தக் கோலில், தடுப்பாட்டக்காரரைத் தோளால் ஒதுக்கிவிட்டுக் கோல்கீப்பரின் அசைவைப் பார்த்துப் பந்தைத் தள்ளிய நிதானம் இருபத்தெட்டு வயதுக்காரருடையது. யுவென்டஸ் வரை கிளப்புகளின் பெயர்கள் பேசப்பட்டன. கிடைத்ததோ கத்தாரின் அல்-துஹைல். அங்கிருந்து போர்ச்சுகலின் போர்டிமோனென்சேவுக்கு இரவல். அங்கே களம் கண்டது சில ஆட்டங்களே. பிறகு கத்தாரின் அல்-சைலியா. பிறகு கிரேக்கத்தின் ஆரிஸ். அங்கே முழங்கால் தசைநார் கிழிந்தது. பிறகு மறுபடி பழைய கிளப்பான அல்-ஷுர்தா. பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வரை ஐந்து கிளப், ஓர் அறுவைச் சிகிச்சை. ஒவ்வோர் இடத்திலும் புதிய பயிற்சியாளரிடம் தன்னை மறுபடி நிரூபிக்க வேண்டும். முந்தையவர் தொடங்கிய வேலையைப் பிந்தையவர் தொடர்வதில்லை. இரவல் முறை ஒழுங்காக நடந்தால் நல்ல பள்ளிக்கூடம். சொந்தம் கொண்டாடும் கிளப்புக்கு வீரரை வளர்க்கும் திட்டமே இல்லாதபோது, அவர் பருவத்துக்குப் பருவம் இடம் மாற்றி நடப்படும் நாற்றாகிவிடுகிறார். எங்கும் வேர் பிடிப்பதில்லை.

இதே மண்ணின் பிள்ளைகள் வேறு இடத்தில் வளர்ந்தால் என்ன ஆகிறது என்பதற்குச் சோதனைக்கூடம் போல ஒன்று அமைந்திருக்கிறது. அலி அல்-ஹமாதி 2002இல் தெற்கு ஈராக்கின் மைசானில் பிறந்தவர். ஆட்சியை எதிர்த்ததற்காகத் தந்தை சிறைப்பட்டவர். குடும்பம் அகதிகளாக லிவர்பூல் வந்தபோது அவர் கைக்குழந்தை. அவரும் மேதைப் பிள்ளையாக அறிவிக்கப்பட்டவர் அல்லர். ட்ரான்மியர், ஸ்வான்சி, வைகோம்ப், நான்காம் நிலை லீக்கின் விம்பிள்டன் என்று அடித்தளத்திலிருந்து ஏறினார். 2024 ஆகஸ்டில் இப்ஸ்விச் சட்டையில் லிவர்பூலுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி, இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஆடிய முதல் ஈராக்கியர் ஆனார். நஷாத் அக்ரமைத் தடுத்த கதவு இவரைத் தடுக்கவில்லை, இவர் உள்ளேயே வளர்ந்தவர். பாகிஸ்தானியத் தந்தைக்கும் ஈராக்கியத் தாய்க்கும் மான்செஸ்டரில் பிறந்த ஜிதான் இக்பால், ஒன்பது வயதில் மான்செஸ்டர் யுனைடெட் அகாடமிக்குள் போய், 2021 டிசம்பரில் சாம்பியன்ஸ் லீக்கில் அறிமுகமாகி, பிறகு நெதர்லாந்தின் உத்ரெக்ட் சென்றார். சுவீடனில் பிறந்தவர் அமிர் அல்-அம்மாரி.

2025 இறுதியில் ஈராக்கின் உலகக் கோப்பை நம்பிக்கையைத் தாங்கிப் பிடித்தவர்கள் இவர்களே. அக்டோபரில் ஜித்தாவில் இந்தோனேசியாவுக்கு எதிரான ஒரே கோல் இக்பாலுடையது. நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எதிராக அபுதாபியில் கோல் அல்-ஹமாதியுடையது. 18ஆம் தேதி பஸ்ராவில், காயங்களுக்கான கூடுதல் நேரத்தின் 17ஆம் நிமிடத்தில் பெனால்டியை உள்ளே அனுப்பி 2-1 என வெல்ல வைத்து, கண்டங்களுக்கு இடையிலான தகுதிச் சுற்றுக்கு அணியை அனுப்பியவர் அல்-அம்மாரி.

வெளிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இவ்வளவு இடம் கொடுக்கலாமா என்ற விவாதம் ஈராக்கில் காரசாரமாக நடக்கிறது. என்னைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளைகளின் உரிமையில் கேள்விக்கே இடமில்லை. அவர்கள் போன காரணமும் இந்த நாட்டின் வரலாறுதான். ஆனால் அவர்களின் வெற்றியைக் காட்டி, ஈராக்கியக் கால்பந்து எழுந்துவிட்டது என்று கால்பந்துச் சங்கம் சொல்லிக்கொள்வதை ஏற்க முடியாது. சுவீடனும் இங்கிலாந்தும் செலவழித்து வளர்த்த ஐந்தாண்டுகளை ஈராக் இலவசமாகப் பெற்றுக்கொள்கிறது. பாக்தாத்தில் பிறந்து பாக்தாத்திலேயே இருக்கும் பையனுக்கு அந்த ஐந்தாண்டுகளை இன்னும் யாரும் தரவில்லை. அன்று பஸ்ராவில் பின்தங்கியிருந்த ஈராக்கைத் தலையால் முட்டிச் சமநிலைக்குக் கொண்டுவந்தவர் மொகனத் அலி. அறுவைக்குப் பிறகும் அலைச்சலுக்குப் பிறகும் அந்தக் கோல் அடிக்கும் உணர்வு அழியவில்லை என்றால், ஒழுங்காக வளர்க்கப்பட்டிருந்தால் அவர் எங்கே இருந்திருப்பார் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மாற்றம் தொடங்கவே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 2023-24இல் ஸ்பெயினின் லா லிகா நிர்வாகத்தின் துணையோடு, தொழில்முறை லீக்காக ஈராக் ஸ்டார்ஸ் லீக் தொடங்கியது. இருபது அணிகள். நாட்காட்டி முன்பைவிட ஒழுங்காக நகர்கிறது. 2023 ஜனவரியில் பஸ்ராவில் வளைகுடாக் கோப்பை நடந்து ஈராக் வென்றது. பெரிய கூட்டத்தைக் கையாள்வதில் குறை இருந்தது, இறுதி ஆட்டத்துக்கு முன் நெரிசலில் உயிர்கள் போயின. ஆனாலும் ஊரில் கால்பந்து திரும்பியது. இவை மேற்கூரை வேலைகள். 21 வயதுக்குட்பட்டோருக்கு லீக்கில் எத்தனை நிமிடங்கள் கிடைக்கின்றன என்பதுதான் நான் தேடும் கணக்கு. அதைக் கிளப் வாரியாகப் பருவ முடிவில் வெளியிடச் சங்கத்தால் முடியும். கிளப்புகள் அமைச்சகங்களின் பணத்தில் நடப்பதால், ஐரோப்பாவில் எந்த அரசுக்கும் இல்லாத பிடி பாக்தாத் அரசுக்கு இருக்கிறது: முழுப் பருவமும் ஆடும் இளையோர் அணியும், வயதைச் சரிபார்த்த பதிவேடும், நிலையான ஒரு முழங்கால் மருத்துவரும் இல்லாத கிளப்புக்கு அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டை நிறுத்தி வைக்கலாம். இதற்குப் புதிய மைதானம் வேண்டாம், வெளிநாட்டு ஆலோசகர் வேண்டாம், பட்ஜெட்டில் ஒரு நிபந்தனை போதும்.